பழந்துணிப் பாட்டின் மூன்று பதிவுகள்

என் வயதினராகிய உங்களில் பலர் அந்தப் பாட்டைக் கேட்டிருப்பீர்கள். திசம்பர்த் திங்கள் பிறந்ததும், ஆரணியிலும் வந்தவாசியிலும் தெள்ளாரைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் தேவாலய முற்றத்து ஒலிபெருக்கிகள் அதைத்தான் முதலில் பாடும். ‘பட்டு நெய்யும் வீதியிலே பழந்துணியில் துயில்பவனே’ என்று தொடங்குவது. அரசர்க்கும் செல்வர்க்கும் பட்டு நெய்து தரும் ஊரில், இறைமகன் கந்தல் சுற்றிக் கிடக்கிறானே என்று வியக்கும் எளிய பாட்டு. அதற்கு மூன்று ஒலிப்பதிவுகள் உண்டு. ஊரார் அறிந்தவை இரண்டு. காலத்தால் முதலாவதான பதிவு இன்று என் ஒருத்தியிடம் மட்டுமே உள்ளது. அந்த வரலாற்றை, மறப்பதற்குள் எழுதிவைக்க விழைகிறேன்.

எழுபதுகளின் இறுதி. எனக்குப் பதினோரு வயது. என் தாயார் வளைகுடா நாடொன்றின் மருத்துவமனையில் செவிலியராகச் சென்று ஓராண்டு கடந்திருந்தது. வீட்டில் தந்தையாரும் நானும் மட்டுமே. தந்தையார் அரிசி ஆலையில் மூட்டை எடைபோடும் பணியில் இருந்தார். மாலையில் அவர் வரும்போது, அவித்த நெல்லின் மணம் அவருக்கு முன்னே வீட்டுக்குள் நுழையும். புருவத்திலும் காதுமடலிலும் தவிட்டுப் பொடி படிந்திருக்கும். பேச்சுக் குறைந்த மனிதர். சோறு வடிப்பார், எனக்கு ஒழுங்கில்லாமல் பின்னல் போட்டுவிடுவார், வானொலிச் செய்தி முடிந்ததும் விளக்கை அணைப்பார். எங்கள் வீட்டில் ஒரு பகலில் பேசப்பட்ட சொற்களை ஓர் அஞ்சலட்டையில் எழுதிவிடலாம்.

தாயார், விடுமுறைக்கு வந்த ஒருவர் வழியாக ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை அனுப்பியிருந்தார். கருநிறப் பெட்டி, முகப்பில் வெள்ளிக் கம்பி வலை, வரிசையாக ஐந்து பொத்தான்கள், அவற்றுள் ஒன்று சிவப்பு. மூடியைத் திறந்தால் குளியல் வழலையும் புதிய நெகிழியும் கலந்த ஓர் அயல்நாட்டு மணம் எழும். அந்த மணம் போய்விடக் கூடாதே என்று வேண்டாதபோது நான் மூடியைத் திறந்ததில்லை. அதனுடன் ஒலிநாடாக்களும் வந்தன. ஊரார் சொல்லில் கேசட். கடிதத்துக்கு மாற்றாக அவற்றில் பேசி அனுப்புவது அக்காலத்து வழக்கம். தாயாரின் குரல் திங்கள்தோறும் வரும். பின்னணியில் குளிரூட்டியின் முனகல் ஓயாமல் கேட்கும். “பாப்பா, நல்லா இருக்கியா? தலைக்கு எண்ண வெச்சுக்கிறியா? எதனா பேசுடி, உன் கொரலக் கேக்கணும் போல கீது” என்பார்.

பேச என்னால் இயலவில்லை. தந்தையார் சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் என் நா உலர்ந்துவிடும். நாடா சுழல்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். “நல்லா இருக்கேம்மா” என்ற இரண்டே சொல்லுக்குமேல் என்னிடமிருந்து எதுவும் அந்தப் பெட்டிக்குள் போனதில்லை. மறுமுறை தாயார், “இந்தத் தடவையும் உன் மூச்சுதான் கேட்டுச்சு” என்று சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தச் சிரிப்பு நடுவில் அறுந்ததை அப்போதே நான் கவனித்தேன்.

இனிப் பாட்டுக்கு வருகிறேன். அதை இயற்றியவர் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவை நடத்திய ஆர்மோனிய ஆசிரியர். அவர் குடியிருந்தது நெசவாளர் தெருவில். அவர் வீட்டு முன்னறைக்கும் அண்டை வீட்டுத் தறிக்கூடத்துக்கும் ஒரே சுவர். சுவருக்கு அப்பால் ஒரு நெசவாளர் காலை முதல் அந்தி வரை குழியில் கால்விட்டு அமர்ந்து நெய்துகொண்டிருப்பார். மிதி இறங்கும்; ஊடுநூலைச் சுமந்து தறிநாடா ஓடும்; பலகை அடிக்கும். டக், டடக், டக், டடக். அந்தச் சுவரில் சாய்ந்தால் முதுகெலும்பில் அவ்வொலி ஏறும். ஆசிரியர் அந்தச் சுவரோரமாகத்தான் ஆர்மோனியத்தை வைத்திருந்தார். பாட்டை இயற்றியதும், சனிக்கிழமைப் பிற்பகல்தோறும் எங்கள் பதினைந்து பேருக்கும் பயிற்றுவித்ததும் அங்கேதான். அந்த ஒலியை எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. அதாவது, கேட்கிறோம் என்று அறிந்ததில்லை. ஆரணியில் பிறந்தவர் செவிக்குத் தறியோசை காற்றைப் போன்றது.

பாட்டின் மூன்றாம் அடுக்கு, அதாவது மூன்றாம் சரணம், தனிக்குரலுக்கு உரியது. ‘தாயின் கைச்சூடே உனக்குத் தக்க ஆடை’ என்று அது முடியும். அதைப் பாட ஆசிரியர் என்னைத் தேர்ந்தார். பேசத்தான் எனக்கு வராது; பாட வரும். அன்றிரவே தந்தையார் ஒலிநாடாவில் தாயாருக்குச் செய்தி சொன்னார். அவர் வாழ்நாளில் பேசிய நீண்ட பேச்சு அதுவாகவே இருக்க வேண்டும். “நம்ம பாப்பா கிறிஸ்மஸ் பாட்டுல தனியா பாடப் போவுது. சார் பதிவு பண்றாரு, எல்லா ஊரு கோயிலுக்கும் அனுப்பப் போறாராம். உனக்கும் ஒண்ணு அனுப்பறேன். கேட்டுக்கோ.” நான் அருகில் அமர்ந்திருந்தேன். அம்மாவுக்கு நான் சொல்ல இயலாததெல்லாம் அந்த ஒரே அடியில் போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்பினேன். பகலில் அவித்த நெல் உலரும் களத்தைச் சுற்றி அதைப் பாடிக்கொண்டு நடப்பேன். கேட்க யாருமில்லை என்பது அப்போது எனக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை.

எங்கள் தேவாலயத்தாரில் வேறு எவரிடமும் கருவி இல்லாமையால், பதிவுக்கு எங்கள் வீட்டுப் பெட்டியைத்தான் ஆசிரியர் கேட்டு வாங்கினார். அதன் ஒலிவாங்கி மிகச் சிறியது; மத்தளம் அடித்தால் குரல்கள் அமுங்கிவிடும் என்று மத்தளத்தை விலக்கினார். அடுத்து அவருக்கு ஒரு கவலை எழுந்தது. பதிவில் தறிச்சத்தம் விழலாகாது. இறைவன் பிறப்பைப் பாடும் பாட்டு மாசற்ற அமைதியில் ஒலிக்க வேண்டும் என்று அவர் கருதினார். எனவே அண்டை வீட்டுத் தறிக்கூடத்துக்குச் சென்றார். பெட்டியைச் சுமந்துகொண்டு நானும் பின்னால் நின்றேன்.

நெசவாளர் குழியிலிருந்து எழாமலேயே கேட்டார். “இன்னா சார், உங்க சாமி பொறக்கணும்னா எங்க தறி நிக்கணுமா?”

“பத்து நிமிஷம்தாங்க. தெரு மொத்தமும் நிறுத்தினா நல்லாருக்கும். நீங்க சொன்னா கேப்பாங்க.”

“தெருவே நிக்கணுமா! எங்க வூட்ல பொணம் வுழுந்தாகூட எதுத்த வூட்டுக்காரன் நிறுத்த மாட்டான் சார்.” குழிக்குள்ளிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தார். “இந்தப் பொண்ணா பாடப் போவுது?”

“ஆமாங்க. இவங்க அம்மா துபாய்ப் பக்கம் கீறாங்க. அவங்களுக்கும் அனுப்பறோம்.”

அவர் தறிநாடாவைக் கீழே வைத்தார். “அதச் சொல்லுங்க மொதல்ல. பாப்பா, ஜல்தியா பாடி முடிச்சுடணும், தெரியுதா? நனைச்சு வெச்ச ஊடு நூலு காஞ்சு போவும்.”

வீடு வீடாகச் சொல்லி அனுப்பினார். பிற்பகல் மூன்று மணியளவில் தெருவின் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கடைசியாக அவர் தறியும் ஓய்ந்தது. அப்படியோர் அமைதியை நான் அதுவரை அறிந்ததில்லை. கூரையில் சிட்டுக்குருவி நடக்கும் ஒலி கேட்டது. எங்கோ சாயத்தொட்டியில் நீர் சொட்டியது. பாடகர் அனைவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆசிரியர் துருத்தியை அழுத்தினார்; பாடத் தொடங்கினோம்.

பாட்டு சரிந்தது. முதல் அடுக்கு முடிவதற்குள் கூட்டுக்குரல் தளர்ந்து இழுபட்டது. இரண்டாம் அடுக்கில் ஆர்மோனியமும் அதனுடன் சேர்ந்து தளர்ந்தது. மூன்றாவதில் நான் தனியே எழுந்தேன். எனக்குத் தெரிந்த விரைவில் பாடினேன். மீண்டும் அவர்கள் சேர்ந்தபோது நான் ஒரு பக்கமும் அவர்கள் ஒரு பக்கமுமாக நின்றோம். ஆசிரியர் கையை உயர்த்தி நிறுத்தினார். மறுபடி தொடங்கினோம், மறுபடியும் அவ்வாறே முடிந்தது. அதற்குள் தெருக்கோடியில் ஒரு தறி பொறுமையிழந்து தொடங்கிவிட்டது.

பதிவை ஓட்டிக் கேட்டுவிட்டு ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். கடிந்து பேசும் இயல்பினர் அல்லர். மாலையில் பெட்டியை எடுத்துப்போக வந்த தந்தையாரிடம் மெல்லச் சொன்னார்: “பொண்ணு ஓடுதுங்க. எல்லாரையும் விட்டுட்டுத் தனியா ஓடுது. கொரல் நல்ல கொரல்தான், ஒத்து வரலை.” பதினான்கு பேர் ஒரு பக்கமும் ஒருத்தி ஒரு பக்கமும் நின்றால் தவறியவள் அந்த ஒருத்திதான் என்று முடிவு செய்வது இயல்பு. நானும் அவ்வாறே முடிவு செய்தேன். அடுத்த வாரம் தனிக்குரல் அடுக்கு வட்டாட்சியர் அலுவலக எழுத்தரின் மகளுக்குக் கொடுக்கப்பட்டது. என்னைவிட ஓராண்டு மூத்தவள், நல்லவள். “நீ கோவிச்சுக்கினியா?” என்று கேட்டாள். இல்லை என்றேன்.

இரண்டாம் பதிவுக்கு ஆசிரியர் மீண்டும் அண்டை வீட்டுக்குப் போனார். இம்முறை நெசவாளர் இணங்கவில்லை. “ஒரு தரம் நிறுத்திக் குடுத்தோம் இல்ல சார்? போன வாரமே இந்தத் தெரு பூரா என்னெ ஏசிச்சு. தை மாசக் கல்யாணப் புடவ தறில கீது. பேஜார் பண்ணாதீங்க. நீங்க பாட்டுக்குப் பாடுங்க, நா பாட்டுக்கு நெய்யறேன்.”

வேறு வழியின்றித் தறியோசையின் ஊடேயே பதிவு நடந்தது. பெட்டி எங்களுடையது, அதை இயக்கத் தெரிந்தவள் நான் என்பதால் சிவப்புப் பொத்தானை அழுத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. ஒலிநாடாக்கள் அரியவை, எனவே பழுதான முதற்பதிவின் மறுபக்கத்திலேயே இதைப் பதியச் சொன்னார். சுவருக்கு அப்பால் டக், டடக் என்று தறி நடந்தது. பாட்டு ஒரே வீச்சில், எங்கும் தளராமல், தொட்டில் ஆடுவதுபோல் சென்றது. எழுத்தர் மகளுக்கு மூச்சுக் குறைவு. ‘தாயின்’ என்றதும் நின்று ஒரு மூச்சு வாங்கினாள். பிறகு ‘கைச்சூடே’ என்றாள். ஆசிரியர் கண்கலங்கினார். “பாத்தீங்களா? ஒரு ஆளை மாத்தினதும் எப்படி ஒக்காந்துடுச்சு பாட்டு!” என்று எல்லார்க்கும் சொன்னார். நான் பொத்தானைத் தூக்கிவிட்டேன். சுவருக்கு அப்பால் இருந்தவரைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அந்தப் பதிவுக்கு நகரக் கடையொன்றில் எடுத்த படிகளுள் ஒன்றைத் தந்தையார் தாயாருக்கு அனுப்பினார். பாட்டு நன்றாக இருந்தது. மனைவி மகிழ்வாள் என்று எண்ணினார். பாடுபவள் மாறிவிட்டதைத் தெரிவிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, ஆனால் அதைச் சொல்லவும் சிவப்புப் பொத்தானை அழுத்தித்தான் ஆக வேண்டும்.

தை மாத இறுதியில் மறுமொழி வந்தது. தந்தையாரும் நானும் பெட்டியின் முன் அமர்ந்தோம். குளிரூட்டியின் முனகல், பிறகு தாயாரின் குரல். “பாப்பா, கேட்டேன்டி. எத்தினி தடவ கேட்டேன்னு தெரியாது. இங்க ரூம்ல கூட இருக்கறவங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினேன், எம் பொண்ணுன்னு. தாயின்னு சொல்லிட்டு ஒரு மூச்சு வாங்கற பாரு, அந்த எடத்துல எனக்குத் தாங்கல. என்கிட்ட பேசவே மாட்டியே, இவ்ளோ கொரல எங்கடி வெச்சிருந்த?”

தந்தையார் நிறுத்தும் பொத்தானை அழுத்தினார்.

“நான்தான்னு நெனச்சுகினு இருக்காங்கப்பா” என்றேன்.

“தெரியுது.” பிறகு சொன்னார்: “அவ அங்க தனியா கீறா. இருக்கட்டும் வுடு. லீவுல வருவா இல்ல, அப்ப நீயே பாடிக் காட்டு.”

அவர் நாடாவைத் திருப்பிச் சுற்றி மீண்டும் ஓட்டினார். நாங்கள் இருவரும் மறுபடி கேட்டோம்.

அடுத்த ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது தாயார் பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்பே என்னைப் பாடச் சொன்னார். நான் பாடினேன். அந்த இடம் வந்தது. எனக்கு மூச்சு வேண்டியிருக்கவில்லை. ஆயினும் ‘தாயின்’ என்று சொல்லி நின்று, எழுத்தர் மகளைப் போலவே ஒரு மூச்சு வாங்கி, ‘கைச்சூடே’ என்றேன். தாயார் கண்மூடிக் கேட்டார். “கேசட்ல இன்னும் கொஞ்சம் குழந்தையாட்டம் இருந்துச்சு” என்றார். “வளந்துட்ட இல்ல, கொரல் மாறிப்போச்சு.” தந்தையார் எழுந்து கிணற்றடிக்குப் போனார்.

பாட்டோ தன் வழியில் பரவியது. படிக்குப் படி எடுத்து, தெற்கே தேவிகாபுரம் வரையும் வடக்கே வேலூர் வரையும் போனது. எண்பதுகளின் நடுவில், விழாப் பாட்டுகளைத் தொகுத்து விற்க முனைந்த ஒருவர் அதைச் சென்னையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் தேர்ந்த பாடகியைக் கொண்டு பதிந்தார். அதுவே நீங்கள் அறிந்த மூன்றாம் பதிவு. பதிவுக்கு முன் அவர் ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தை நான் படித்துக் காட்டினேன். அப்போது ஆசிரியர்க்குக் கண்புரை. ‘தங்கள் பதிவில் தாளம் பிடிக்கும் மரக்கருவியின் பெயர் யாது? எங்கள் கலைஞர்களுக்கு அது விளங்கவில்லை’ என்று அவர் வினவியிருந்தார். ஆசிரியர் திகைத்தார். “நம்மகிட்ட ஏதும்மா மரக்கருவி? ஆர்மோனியம் ஒண்ணுதானே? அது வெறும் பக்கத்து வூட்டு இரைச்சல், எடுத்துடச் சொல்லி எழுது.” அப்படியே எழுதினேன். அவர்கள் எடுக்கவில்லை. இரு மரக்கட்டைகளைத் தட்டி அதைப் பதிந்திருந்தார்கள். நெசவாளர் அதை ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு, “யாரோ நம்ம தறியக் கெளப்பிகினு போய்ட்டாம்பா” என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தோம். அன்றுகூட எனக்கு எதுவும் விளங்கவில்லை.

விளங்கியது மிகப் பிந்தியே. சில ஆண்டுகளுக்கு முன் ஆசிரியரின் வீட்டை இடிக்கும்போது அவர் மகன் ஒரு தகரப் பெட்டியை என்னிடம் கொணர்ந்தார். அதில் இரு பக்கமும் பதிந்த அந்த மூல ஒலிநாடா இருந்தது. ஒரு பழங்கருவியைத் தேடிப்பிடித்து முதற்பக்கத்தை ஓட்டினேன். குருவி, சொட்டும் நீர், தளர்ந்து போகும் பதினான்கு குரல்கள். அவற்றுக்கு முன்னே ஒரு சிறுமி. என் தொடையில் விரலால் தட்டிக்கொண்டே கேட்டேன். பின்பு நாடாவைத் திருப்பிப் போட்டேன். தறியோசை எழுந்தது. விரல் தட்டும் நடையை மாற்றவே தேவைப்படவில்லை. தறி நின்றபின்னும் அதன் நடையிலேயே சென்றவள் நான் ஒருத்திதான். ஆசிரியர் அந்தச் சுவரோரம் அமர்ந்து தறியின் தாளத்தில்தான் பாட்டைக் கட்டியிருந்தார். அவருக்கே அது தெரியாது. தம் பாட்டைத் தூய்மைப்படுத்துவதாக எண்ணி அதன் தாளத்தைத் தாமே கேட்டு நிறுத்தினார். இதைக் கேட்க அவர் இல்லை, நெசவாளரும் இல்லை.

தாயார் இருந்தார். பணி முடிந்து திரும்பியபின், தந்தையாரும் மறைந்தபின், இறுதிக்காலம் வரை என்னோடுதான் வாழ்ந்தார். அவரிடம் சொல்லிவிடலாம், இரு பக்கத்தையும் ஓட்டிக் காட்டலாம் என்று ஒருநாள் கருவியை எடுத்து மேசைமேல் வைத்தேன். அதைக் கண்டதும் அவர் தாமாகவே பேசத் தொடங்கினார். “அந்த ஊர்ல ராவும் பகலும் ஒண்ணா இருக்கும் பாப்பா. ட்யூட்டி முடிஞ்சு வந்தா செவுரப் பாத்துகினு ஒக்காந்திருப்பேன். பேச ஆளு இல்ல. உன் பாட்டு ஒண்ணுதான் கூட இருந்துச்சு.” நான் கருவியை மீண்டும் அலமாரியில் வைத்தேன்.

சென்ற ஆண்டு அவர் காலமானார். அவருடைய பயணப்பெட்டியில் அந்தப் படி கிடைத்தது. தேய்ந்து, நாடா வெளிறி, இனி ஓடாது. மேலட்டையில் நீல மையில் ‘பாப்பா பாடியது’ என்று அவர் கையெழுத்து.

சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவின் மாலையில் வீட்டில் தனியே இருந்தேன். மூல நாடாவைக் கருவியில் இட்டேன். ஒரு பக்கத்தில் நான் இருக்கிறேன். அதை என் தாயார் கேட்டதில்லை. மறுபக்கத்தையே ஓட்டினேன். தாயார் சமைக்கும்போது அந்தப் பாட்டை முணுமுணுப்பதுண்டு. அவர் அதைக் கற்றது அந்தப் படியிலிருந்து. ஆகவே ‘தாயின்’ என்றதும் அவரும் கரண்டியை நிறுத்தி ஒரு மூச்சு வாங்குவார். சுவருக்கு அப்பால் தறி நடந்தது. எழுத்தர் மகள் தனியே எழுந்தாள். அந்த இடம் வந்தபோது நானும் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டேன்.